கல்லூரி ஊடகக்கூடமும் நம் கையிலுள்ள கதைகளும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிப் பெர்ன்ஹில்லில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழாக்குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு, கல்லூரி மாணவரும் டிஜிட்டல் ஊடகமும் என்பதாகும். கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமாக முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு இதில் என்ன தெரியும் என்று முதலில் தயங்கினோம். எனினும் சென்ற ஆண்டு நம் கழகத்திலேயே நடந்த ஒன்றை நினைத்துப் பார்த்தபின், பேசாமல் இருப்பதே தவறு என்று தோன்றிற்று.

மூத்தோர் பாராட்டு விழா உங்களுக்கு நினைவிருக்கும். நகராட்சித் துப்புரவுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் அன்று இருபது நிமிடம் பேசினார். தை மாத விடியலில் உறைபனி படிந்த சாலையை வெறுங்காலுடன் நின்று பெருக்கியதையும், மகளைப் பள்ளியில் சேர்க்கப் போன நாளில் வாயிற்படியிலேயே நிற்க வைக்கப்பட்டதையும், அதே மகள் இன்று செவிலியராக இருப்பதையும் அவர் சொல்லக் கேட்டவர் யாவரும் கண் கலங்கினர். விழாவைப் பதிவு செய்யத் திருமணங்களுக்குப் படமெடுக்கும் ஒருவரை அமர்த்தியிருந்தோம். பத்து நாள் கழித்துப் படம் வந்தது. அம்மையாரின் வாய் அசைந்தது, குரல் இல்லை. நாதசுரமும் கெட்டிமேளமும் முழங்கின. திரையின் ஓரத்தில் ரோசா இதழ்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. அந்தத் தொழிலாளியைக் குறை கூற நாம் விரும்பவில்லை. அவர் தமக்குத் தெரிந்த வகையில் அழகு செய்தார். மீண்டும் ஒரு முறை பேச வைத்துப் பதிவு செய்யலாம் என்றிருந்தோம். கார்த்திகையில் அம்மையார் காலமானார்.

அன்று மண்டபத்தில் நாற்பது கைப்பேசிகளுக்குக் குறையாமல் இருந்திருக்கும். ஒரே ஒரு தம்பி மட்டும் நான்கு நிமிடம் பதிவு செய்திருந்தான். அதில் அம்மையாரின் குரலைவிடத் தேநீர்க் குவளைகளின் ஓசையே மிகுதி. அந்த ஓசையைக் குறைத்துக் குரலைத் தெளிவாக்க முடியுமா என்று கேட்க, தான் பயிலும் சமவெளிக் கல்லூரியின் ஊடகக்கூடத்திற்கு அவன் சென்றான். "நீ வரலாற்றுத் துறை, இது காட்சித் தொடர்பியல் மாணவர்க்கு மட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாயிற்படியில் நின்ற கதையைப் பேசிய குரலும் ஒரு வாயிற்படியிலிருந்தே திரும்பி வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாணவர்கள் 'மீடியா லேப்' என்று வழங்கும் இந்த ஊடகக்கூடம் உண்மையில் எதற்காக ஏற்பட்டது? மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது ஒரு துறைக்கு மட்டும் உரிய சொத்தன்று. நூலகத்தைப் போல எல்லாத் துறையினர்க்கும் பொது. தாவரவியல் மாணவர் ஒரு பூ மலர்வதைப் படமாக்க வேண்டுமானாலும், வரலாற்று மாணவர் தம் பாட்டியின் நினைவுகளை ஒலிநூலாக்க வேண்டுமானாலும், அங்கே சென்று கேமராவையும் ஒலிவாங்கியையும் புத்தகம் போல எழுதிக் கொடுத்து எடுத்துவரலாம். அதைவிட முக்கியம், அங்கே உதவிக்கு ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் மாணவரின் வேலையைத் தாமே முடித்துக் கொடுப்பதில்லை. அருகில் அமர்ந்து, மாணவரின் கையாலேயே செய்விப்பார்.

1993-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், அங்கிருந்த கணினி அருங்காட்சியகமும் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகமும் சேர்ந்து 'கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்' என்னும் கூடத்தைத் தொடங்கின. அதை அமைத்தவர்களுள் ஒருவரான மிட்செல் ரெஸ்னிக் அதன் பிறப்பைச் சொல்லியிருக்கிறார். விடுமுறையில் அருங்காட்சியகத்தில் நடந்த பயிற்சிக்கு வந்த ஏழைச் சிறுவர் சிலர், பயிற்சி முடிந்த பின்னும் வந்துகொண்டே இருந்தனராம். அவர்கள் போய்ச் செய்து பழக நகரில் வேறு இடமில்லை. காவலாளிகள் தடுத்தும் எப்படியோ உள்ளே நுழைந்தார்கள். அந்தச் சிறுவர்களின் பிடிவாதத்திலிருந்தே ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான ஒரு கூடம் பிறந்தது. நம் தம்பி ஒரே தடவையில் திரும்பி வந்துவிட்டான் என்பதில் நமக்குச் சிறு மனக்குறை உண்டு.

நம் நாட்டிலும் இது புதிதன்று. பல்கலைக்கழக மானியக் குழு தயாரித்த கல்வி நிகழ்ச்சிகள் 1984 ஆகஸ்டு 15 முதல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயின. அதற்கெனப் பல்கலைக்கழகங்களில் படப்பிடிப்பு நிலையங்கள் அமைந்தன. சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அத்தகைய பல்லூடக மையம் ஒன்று உண்டு. 2004 பிப்ரவரி 1-ஆம் நாள் அங்கிருந்துதான் 'அண்ணா எஃப்.எம். 90.4' ஒலிக்கத் தொடங்கிற்று. இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி அதுவே. சில கிலோமீட்டர் சுற்றளவுக்கே கேட்கும் அவ்வானொலியில் மாணவர் மட்டுமன்றி, வளாகத்தைச் சூழ்ந்த குடியிருப்புகளின் பெண்களும் நிகழ்ச்சி தயாரிப்பில் பங்கு கொண்டனர். பொறியியல் படிப்போர் வாழும் வளாகத்தின் ஒலிவாங்கி முன், மதிற்சுவருக்கு வெளியே வாழ்ந்தவர்களும் பேசினார்கள். நாம் கேட்பதும் இதுபோன்ற ஒன்றைத்தான்.

இனி நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அயோத்திதாசப் பண்டிதரை அறியாதார் இம்மன்றத்தில் இரார். அவர் இளமையில் வாழ்ந்து பொதுப்பணியைத் தொடங்கியது இந்த நீலகிரியிலேதான். 1891 டிசம்பர் முதல் நாள் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடிப் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றியதும் இம்மலையில்தான். இரட்டைமலை சீனிவாசனாரும் உதகையில் கணக்கராகப் பணிபுரிந்தவரே. பின்னாளில் இருவரும் சென்னை சென்று செய்த முதன்மையான காரியங்களுள் ஒன்று என்ன? இதழ் நடத்தியது. சீனிவாசனார் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பண்டிதர் 1907 ஜூன் 19 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழை நடத்தினார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆயிற்று. அக்காலத்து ஊடகம் அச்சுப்பொறி. பிறர் நம்மைப் பற்றி எழுதுவதைப் படித்துக்கொண்டு சும்மா இருக்க அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. கோலார் தங்கவயலில் பாறையைக் குடைந்தவர்களின் காசு அந்த இதழைத் தாங்கிற்று.

பண்டிதர் 1914-இல் மறைந்த பின் 'தமிழன்' இதழ் மீண்டும் சில காலம் வெளிவந்து நின்றது. பிறகு பல பத்தாண்டுகள் அந்தப் பக்கங்கள் எங்கே இருந்தன? நூலக அலமாரிகளைவிடச் சில குடும்பங்களின் தகரப்பெட்டிகளிலேயே அவை மிகுதியாக உயிர் பிழைத்தன. அவற்றைத் திரட்டி ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-இல் வெளிவந்தது. அதை வெளியிட்டது எது தெரியுமா? பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி வளாகத்திலுள்ள நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். தகரப்பெட்டியில் இருந்ததும் கல்லூரி வளாகத்தில் இருந்ததும் ஒன்று சேர்ந்ததால் ஒரு மாமனிதர் நமக்குத் திரும்பக் கிடைத்தார். பெட்டியைக் கறையான் முந்தியிருந்தாலோ, வளாகம் கதவைச் சாத்தியிருந்தாலோ, இன்று நாம் அவர் பெயரை மட்டுமே அறிந்திருப்போம்.

இம்மலை படம் எடுக்கப்படாத மலையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆல்பர்ட் பென் என்னும் ஆங்கிலேயர் உதகையில் புகைப்பட நிலையம் நடத்தினார். ஏரியும் பங்களாக்களும் துரைமார்களும் ஏராளமாகப் படத்தில் இருக்கின்றனர். நம் பெர்ன்ஹில்லில் மைசூர் மன்னரின் கோடை மாளிகை எத்தனை முறை படமாயிற்றோ, கணக்கில்லை. அதன் தோட்டத்தைக் கொத்தியவர், சமையற்கட்டுக்கு விறகு சுமந்தவர், பின்கட்டைக் கழுவியவர் ஆகியோரின் பெயரெழுதிய படம் ஒன்றேனும் நம் பார்வைக்கு வந்ததில்லை.

இதில் மேலும் ஒரு வேடிக்கை உண்டு. படச்சுருளையே செய்த மலை இது! 1960-இல் நடுவண் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் இந்து நகரில் கருப்பு வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்-ரே பிலிமும் புகைப்படத் தாளும் உற்பத்தி செய்தது. தூசியற்ற குளிர்ந்த காற்றுக்காகவே இம்மலையைத் தேர்ந்தெடுத்தனர் என்பர். வெள்ளி உப்புப் பூச்சை வெளிச்சம் படாமல் பூச வேண்டுமாதலால், தொழிலாளர் இருட்டறையில் தடவித் தடவி வேலை செய்தனர். நம்மவர் சிலரும் அங்கு இருந்தனர். நாடெங்கும் முகங்கள் பதிந்த சுருளைச் செய்த அந்தக் கைகளுக்குரியவர் சிலரின் வீட்டில், அடையாள அட்டைப் படம் தவிர வேறு படம் இல்லை. வண்ணச் சுருளின் வரவு, இறக்குமதிப் போட்டி, கடன் சுமை, இறுதியில் டிஜிட்டல் கேமரா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆலையைச் சாய்த்தன. 2014-இல் எஞ்சிய ஊழியர்க்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை நடுவண் அமைச்சரவை ஏற்றது. பொறிகள் ஓய்ந்தன. அந்த இருட்டறை வேலையை விளக்கிச் சொல்லக்கூடியவர் நம் கழகத்திலேயே இருவர் இருக்கின்றனர். இருவர்க்கும் எழுபது வயது கடந்துவிட்டது.

இப்போது நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் தலைமையாசிரியராக உள்ள பள்ளிக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வந்தது. கணினிகளும் இணையமும் ஒளிவீழ்த்தியும் வந்தன. இருப்புப் பதிவேட்டில் வரிசையாக எழுதினோம், பூட்டினோம், சாவியை நம் மேசை இழுப்பறையில் வைத்தோம். ஒரு சுட்டெலி காணாமற்போனால் தணிக்கைக்கு யார் பதில் சொல்வது என்ற அச்சம்! இணையவழித் தேர்வுக்கும் புள்ளிவிவரம் ஏற்றுவதற்கும் மட்டும் கதவு திறந்தது. அந்தத் தம்பியைத் திருப்பி அனுப்பிய கல்லூரியின்மேல் சினம் கொண்ட அன்றிரவு, அந்தச் சாவி நினைவுக்கு வந்தது. சென்ற ஆனி முதல் வாரத்தில் இரு மாலைகள் ஆய்வகத்தைத் திறந்து வைக்கிறோம். இதுவரை ஒரு காதொலிப்பான் உடைந்திருக்கிறது. அவ்வளவே.

அங்கு நாம் கற்றவற்றை உங்களுக்குச் சொல்கிறோம். பதிவுக்கு விலையுயர்ந்த கேமரா வேண்டுவதில்லை. கழக நிதியிலிருந்து கேமரா வாங்கலாம் என்னும் தீர்மானத்தை நாம் எதிர்ப்பதும் இதனால்தான். பேசுபவரின் சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்று, படத்தைவிட முதன்மையானது. இம்மலைக் காற்று ஒலிவாங்கியில் மோதினால் புலி உறுமுவது போலக் கேட்கும். ஆகையால் சன்னலைச் சாத்துங்கள். கைப்பேசிக்கு அழைப்பு வராதபடி செய்யுங்கள். பேசுபவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை முதலில் உரக்கச் சொல்லிப் பதியுங்கள். பதிவை யார் யார் கேட்கலாம் என்று அவரிடமே இசைவு பெறுங்கள். 'இதை வெளியே சொல்லாதே' என்று அவர் சொன்னால் அது வெளியே போகக்கூடாது. நம் துயரம் காட்சிப்பொருளன்று. பின்னணி இசை சேர்ப்பதில்லை என்று நம் பள்ளி ஆய்வகத்தில் ஒரு விதியே எழுதி ஒட்டியிருக்கிறோம்!

பழைய படங்களை இங்குள்ள ஈரம் தின்கிறது. மழைக்காலத்தில் பூஞ்சணம் படர்ந்தால் முகம்தான் முதலில் போகிறது. அவற்றைத் துடைக்க வேண்டா. சட்டத்தை உடைத்துப் பிரிக்கவும் வேண்டா. சன்னல் வெளிச்சத்தில், மின்னொளி இன்றி, நேராக வைத்துப் படியெடுங்கள். படத்திலிருப்போர் பெயரைப் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். ஒவ்வொரு கோப்பையும் மூன்று படிகளாக வையுங்கள்; ஒன்று இம்மலைக்கு வெளியே, உறவினர் வீட்டில் இருக்கட்டும். தமிழில் தட்டச்சு செய்வோர் யூனிகோடிலேயே செய்யுங்கள். நம் கழகத்தின் பத்தாம் ஆண்டு மலரைக் குறுந்தகட்டில் பத்திரமாக வைத்திருந்தோம். இன்று திறந்தால், அன்றைய எழுத்துரு இல்லாமையால், பக்கமெங்கும் ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் சிதறிக் கிடக்கின்றன. நல்லவேளை, அச்சிட்ட மலர் ஒன்று செயலாளர் வீட்டில் இருந்தது.

எனினும் நம் பள்ளி ஆய்வகத்தால் ஓரளவுக்குமேல் ஆகாது. இரைச்சலை நீக்கவும், படத்தை ஒழுங்குற வெட்டி இணைக்கவும், பல ஆண்டு காக்கும் முறையில் அட்டவணைப்படுத்தவும், தெரிந்தவர் அருகிருக்க வேண்டும். அதற்குத்தான் கல்லூரி. சலிவன் கட்டிய கல் பங்களா நிற்கும் வளாகத்தில் 1955 முதல் இயங்கும் உதகை அரசு கலைக் கல்லூரி தொடங்கி, மாவட்டத்திலுள்ள ஒவ்வொரு கல்லூரி முதல்வர்க்கும் கழகத்தின் பெயரால் ஒரு விண்ணப்பம் அளிக்க நாம் முன்மொழிகிறோம். கோரிக்கை பெரிதன்று. எத்துறை மாணவராயினும், வெளியிலிருந்து வரும் சமூக அமைப்பாயினும், வாரத்தில் ஓர் அரைநாள் கல்லூரியின் கருவிகளைப் பயன்படுத்தலாம். அப்போது விவரம் தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். இசைந்தால் நன்றி சொல்வோம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்போம். கல்லூரியில் பயிலும் தம்பி தங்கையர் விண்ணப்பத்தோடு நின்றுவிடாமல், நேரில் சென்று கேளுங்கள். இரண்டாம் முறையும் செல்லுங்கள். செல்லும்போது வெறுங்கையோடு செல்லாமல், பதிவு செய்த ஒன்றைக் கையில் கொண்டு செல்லுங்கள். 'எனக்குக் கற்றுக் கொடுங்கள்' என்பதைவிட, 'இந்தக் குரலைத் தெளிவாக்க வேண்டும்' என்று கேட்பவர்க்குக் கதவு விரைவில் திறக்கும்.

தேநீர் ஓசை கலந்த அந்த நான்கு நிமிடத்தை அத்தம்பி இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறான். பயிற்சிக்கு முதற்பாடமாக அதையே எடுத்துக்கொள்வோம். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் பள்ளி ஆய்வகம் திறந்திருக்கும். மடிக்கணினி உடையோர் கொண்டு வாருங்கள். அரசு தந்த பழைய மடிக்கணினி பரணில் கிடந்தாலும் சரி, அதுவே போதும். பிலிம் பேக்டரியில் பணிபுரிந்த பெரியவர் ஒருவர் முதலில் பேச இசைந்திருக்கிறார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். குளிர் ஏறினால் குரல் அடைத்துவிடுமாம். வெயில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டுமாம். ஆகையால் பத்து மணி என்றால் பத்து மணிக்கே வந்துவிடுங்கள்.