கூடி நோற்கும் நோன்பு



மராட்டிய மாநிலத்துச் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு சிற்றூர் உளது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அவ்வூரில் ஒரு வழக்கம் தொடங்கிற்று. மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஊதும். ஊதியதும் வீடுதோறும் கைபேசியும் தொலைக்காட்சியும் அணைக்கப்படும். 8.30 மணிக்கு மறுபடியும் சங்கு ஒலிக்கும் வரை பிள்ளைகள் பாடம் படிப்பர். பெரியவர்கள் ஒருவரோடொருவர் பேசியிருப்பர். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் சொல்வதற்கென்று வீட்டினுள் நுழைந்த கருவி, பள்ளிகள் திறந்த பின்னரும் பிள்ளைகளின் கையை விட்டு அகலவில்லை என்பதே அவ்வூர் ஆசிரியர்களின் முறையீடாக இருந்தது. அம்முறையீட்டை ஊராட்சி செவிமடுத்தது. தொடக்கத்தில் ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகச் சென்று நினைவூட்ட வேண்டியிருந்தது.

ஒன்றரை மணி நேரம் கைபேசியை அணைத்து வைப்பதற்கு ஓர் ஊரே திரள வேண்டுமா? மன உறுதியுள்ள எவரும் தனியாகச் செய்துகொள்ளக் கூடியதுதானே என்று வினவத் தோன்றும். இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தோர் அமெரிக்க நாட்டில் உளர்.

ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் நால்வர் 2018ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 2,700 முகநூல் பயனர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பிரிவினர்க்கு 102 டாலர் கொடுத்து, நான்கு வாரம் முகநூலை விட்டு விலகியிருக்கச் செய்தனர். விலகியோர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிஞ்சிற்று. மகிழ்ச்சியும் மனநிறைவும் சற்றே கூடின. ஏக்கமும் பதற்றமும் சற்றே தணிந்தன. ‘சற்றே’ என்ற சொல்லை இங்கு விட்டுவிடலாகாது. வாழ்வே மலர்ந்துவிட்டதென அவ்வறிஞர்கள் எழுதவில்லை. மிஞ்சிய நேரத்திலும் ஒரு பகுதியே உற்றாரோடும் நண்பரோடும் கழிந்தது. மற்றொரு பகுதி தனியே அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பதில் போயிற்று! அரசியல் கொள்கைகளில் கருத்துப் பிளவு குறைந்ததெனினும் நாட்டு நடப்பைப் பற்றிய அறிவும் உடன் குறைந்தது.

இதனினும் கூர்மையானது, சிகாகோ பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட அறிஞர் சிலர் 2023இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஆயிரவர்க்கு மேற்பட்டோரிடம் அவர்கள் கேட்டது இது: நான்கு வாரம் நீங்கள் மட்டும் விலகியிருக்க எவ்வளவு பணம் வேண்டும்? டிக்டாக்கை விடச் சராசரியாக 59 டாலர், இன்ஸ்டாகிராமை விட 47 டாலர் வேண்டும் என்பதே விடை. கல்லூரியில் உள்ள பிறரும் உடன் விலகுவராயின்? அப்போது விடை தலைகீழாயிற்று. முன்னதற்கு 28 டாலரும் பின்னதற்கு 10 டாலரும் தம் கையிலிருந்தே கொடுக்க மாணவர்கள் இசைந்தனர். இல்லாது போனால் நன்று என்று எண்ணும் ஒன்றையே, பிறர் இருப்பதால் தாமும் பற்றிக்கொண்டிருக்கின்றனர் என்பதை இத்தொகைகள் காட்டுகின்றன. தனியே விலகுபவன் கருவியை மட்டும் இழப்பதில்லை. தன் கூட்டத்தையும் இழக்கிறான். அதனை மன உறுதிக் குறைவென்று பழிப்பது நேர்மையாகாது.

கருவியைச் சமைத்தோரின் பங்கும் இதில் உண்டு. நூலில் பக்கம் முடியும். இதழில் கதை முடியும். அந்த முடிவில் கண் சற்று ஓயும். 2006இல் அசா ராஸ்கின் என்பார் வகுத்த முறையில் திரைக்கு அடியென்பதே இல்லை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். அவரே பின்னாளில் அதற்காக வருந்தினார்.

தமிழ் இலக்கியம் பயின்ற அவையினர்க்கு இங்கு ஆண்டாளின் பாவை நோன்பு நினைவுக்கு வரும். திருப்பாவையின் இரண்டாம் பாசுரம் விலக்க வேண்டியவற்றைச் சொல்கிறது: நெய்யும் பாலும் உண்ணாமை, மை தீட்டாமை, மலர் முடியாமை, கோள் சொல்லாமை. கோள் ஒழிய மற்றவை தம்மளவில் தீயன அல்ல. நெய்யும் பாலும் நல்லனவே. ஒரு காலத்துக்கென்று விடப்படுகின்றன. விட்டதனால் ஏற்படும் வெற்றிடத்தை நிரப்ப ஈகையும் வகுக்கப்பட்டுள்ளது. ஆறாம் பாசுரம் முதல் பத்துப் பாடல்கள் உறங்கும் தோழியரை எழுப்புவதற்கே செலவாகின்றன. முப்பதில் பத்து! தான் நோற்பதற்கு முன் பிறரை உடன் அழைப்பதற்கு அத்துணை இடம். கைபேசியை விட்டிருத்தலை ‘விடுப்பு’ என்று வழங்குவதினும் ‘நோன்பு’ என்று வழங்குவது பொருந்தும். விடுப்பு ஒருவர் எடுத்துக்கொள்வது. பாவை நோன்போ கூடி நோற்பது.

ஆயினும் ஊர் வகுக்கும் நோன்பில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வீட்டு வாயிலில் வந்து நின்று பார்ப்பவர் அன்பினால் வருகிறாரா, அதிகாரத்தால் வருகிறாரா என்பது நாளடைவில் மங்கிவிடும். கடல் கடந்து வாழும் மகனின் முகத்தைத் திரையில் மட்டுமே காணும் தாய்க்கு அந்த ஒன்றரை மணி நேரம் ஓய்வன்று, பறிமுதல். அவளுக்கென்று விதியைத் தளர்த்த இயலாத ஊர், சங்கை ஊதாதிருப்பதே நன்று.

முகநூல் ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. நான்கு வாரம் முடிந்து, திரும்ப உரிமை பெற்ற பின்னரும், விலகியிருந்தோர் முன்போல் அதில் மூழ்கவில்லை. இன்னும் நான்கு வாரம் விலகியிருக்க எவ்வளவு வேண்டுமென்று கேட்டபோது, விலகாதிருந்தோர் கேட்டதினும் குறைந்த தொகையே அவர்கள் கேட்டனர்.