வெயில் மட்டும் போதாது
(கல்முனைக் கரையோர இளம் விவசாயிகளுக்கு ஆற்றிய உரை)



நெல்லை விளைவித்தும் அதைக் காயவைத்துக் காக்கத் தெரியாதவனை நாம் நல்ல விவசாயி என்று சொல்வோமா? இறைச்சிக்கும் நியாயம் அதுவே.

ஹஜ்ஜுப் பெருநாளில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளுக்கு உழ்ஹிய்யா இறைச்சி ஒரே வேளையில் வந்து சேருகின்றது. அதை மூன்று நாளுக்குமேல் வைத்திருத்தலை முன்னர் விலக்கிய நபிகளார், வறியோரின் நெருக்கடி நீங்கியபின் உண்ணவும் ஈயவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். அச்சேமிப்பின் கலையே இறைச்சி வற்றல்.

குளிர்ப்பெட்டி இருக்க வற்றல் எதற்கு என்பார் உளர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றதை அவர்கள் மறந்துவிட்டனரா?

வற்றலின் தத்துவம் எளிது. கொழுப்பற்ற இறைச்சியில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீர். நீர் உள்ளவரை கிருமி பெருகும். ஆகவே, சிக்கல் பிடிக்கும் கொழுப்பை நீக்கி, மெல்லிய கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பூசி, ஈ அண்டாமற் காயவைக்கின்றோம். தடித்த துண்டோ மேலே காய்ந்து உள்ளே அழுகும். அது உண்போரை நோயில் வீழ்த்தும்.

இளைஞர்களே, ஒரு கணக்கைக் கேளுங்கள். பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வருகின்றது. 2007இல் அது டிசெம்பரில் வந்தது. 2026இல் மே மாதம். 2038, 2039ஆம் ஆண்டளவில் மீண்டும் நமது மாரி மழையில் வரும். இன்று பதினைந்து வயதுள்ளவர் அன்று குடும்பத் தலைவராயிருப்பார். வெயிலை மட்டும் அறிந்தவர் அன்று என் செய்வார்? முன்னோர் விறகடுப்பின் புகையிலே இறைச்சியை உலர்த்தினர். எரிவாயு அடுப்பு வந்த வீட்டில் அந்தப் புகையுமில்லை. அதைக் கையாளும் அறிவும் மூதாட்டியரோடு மறைகின்றது.

ஆதலின் நாம் கேட்பது இது: உரம், விதை பற்றிய வகுப்புகளோடு வற்றற் பயிற்சியும் இளம் விவசாயிகளுக்கு அளிக்கப்பட வேண்டும். கைப்பழக்கத்தை நம் தாய்மார் கற்பிக்கட்டும். காரணத்தை விவசாயப் போதனாசிரியரும் மிருக வைத்தியரும் விளக்கட்டும். சுத்தத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மேற்பார்க்கட்டும். மழையிலும் உலர்த்தவல்ல புகைக் கூண்டொன்றை இளைஞரே அமைக்கட்டும்.

மாரி வருமுன் வரம்பு கட்டுபவனே உழவன். இந்த மாரிக்கு இன்னும் சில ஆண்டுகள் உள. இன்றே தொடங்குவோம்!