பழைய ஆயிலை எங்கே கொடுப்பது?



மெரினா என்றால் நமக்குச் சுண்டலும் கடற்காற்றும்தான் ஞாபகம் வரும். மேல்நாடுகளில் படகுகளைக் கட்டி நிறுத்தும் துறைக்கு அந்தப் பெயர். அந்த அர்த்தத்தில் பார்த்தால், சென்னையின் மெரினா காசிமேடு மீன்பிடித் துறைமுகம்தான்! இத்தகைய துறைமுகங்கள் கழிவுநீர் விதிகளைக் கடைப்பிடிக்க உதவுவது என் தொழில். அதைப் பற்றிச் சில நிமிஷங்கள் பேசுகிறேன்.

சட்டத்துக்குக் குறைவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. அதன் தலைமை அலுவலகம் இதே கிண்டியில்தான் இருக்கிறது. கடலோரத்தில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெயும் கிரீஸும் இருக்கக் கூடாது என்பது விதி. தொழிற்சாலை என்றால் குழாய் முனையில் சாம்பிள் எடுத்துவிடலாம். துறைமுகத்தில் குழாய் எங்கே? ஒவ்வொரு விசைப்படகும் ஒரு குழாய்தான். படகின் அடியில் தேங்கும் தண்ணீரில் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்திருக்கும். பம்பு போட்டால் நேரே துறைக்குள் விழும்.

அதுவோ அலைதடுப்புச் சுவர்களுக்குள் அடங்கிய நீர். சென்னையில் பெரிய ஓதத்தன்றுகூட ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். உள்ளே விழுந்தது சீக்கிரம் வெளியே போகாது. அந்தத் தண்ணீர் ஓரத்தில்தான் நாம் சாப்பிடும் மீன் இறங்குகிறது.

சிலர் சோப்புத் தூள் போட்டுக் கழுவிவிடுவார்கள். மினுமினுப்பு மறையும், எண்ணெய் மறையாது, பொடித் துளிகளாகிவிடும். நாம் படித்த ஸ்டோக்ஸ் விதியை நினைத்துப் பாருங்கள்: துளியின் விட்டம் பாதியானால், அது மேலே எழும் வேகம் கால்வாசிதான். பிரிக்கும் தொட்டி கட்டியும் பிரயோஜனம் இல்லை. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையில் ஒதுங்கிய எண்ணெயை மனிதர்கள் வாளி வாளியாக அள்ளியதைப் பார்த்தோமே! தண்ணீரில் கலக்கும் முன் பிடிப்பதுதான் சுலபம்.

ஒரு படகு டிரைவர் என்னிடம் கேட்டார்: "ஊத்தக் கூடாதுன்னு சொல்றீங்க, சரி சார். பழைய ஆயிலை எங்க குடுக்கறது? அத மொதல்ல சொல்லுங்க." நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் அறிவிப்புப் பலகை வைத்துப் பயனில்லை.

பதில் பெரிய டெக்னாலஜி அல்ல. ஜெட்டியில் நடந்து போகும் தூரத்தில் மூடி போட்ட பீப்பாய், வாங்கியதை எழுதிவைக்க ஒரு நோட்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். 2016-ஆம் வருட விதிப்படி, சேர்ந்த ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்கே கொடுக்க வேண்டும். கிடைக்கும் பணம் படகுக்காரர் சங்கத்துக்குப் போனால், பீப்பாய் தானே நிரம்பும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில்தான் படகுகளைப் பழுதுபார்த்து என்ஜினைப் பிரிப்பார்கள். பீப்பாய் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.

பொதுப்பணியிலும் துறைமுகத்திலும் மீன்வளத்திலும் இருக்கும் நண்பர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். ஜெட்டிக்கு எஸ்டிமேட் போடும்போது ஏலக்கூடத்துக்கும் ஐஸுக்கும் இடம் விடுகிறோம். பழைய ஆயிலுக்கும் ஒரு தொட்டி, ஒரு வரி சேருங்கள்.