கிராம சபையில் நாம் எங்கே?



பருவநிலை மாற்றம் உலகத் தலைவர்கள் பேச வேண்டிய பொருள் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி அவ்வாறு ஒதுங்கவில்லை. 2006-ஆம் ஆண்டில் தன் சேமிப்புடன் வங்கிக் கடனும் பெற்று, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக்கியது. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்திற்கு விற்றது. அவ்வருவாயே கடனை அடைக்க உதவியது.

நம் ஊராட்சியும் இவ்வாறு எண்ண வேண்டுமெனில், கேட்பதற்கு நாம் அங்கிருக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்களே.

ஜமாஅத்தின் வரவு செலவை வரி வரியாகக் கேட்கும் நாம், குளம் தூர்வதையும் குப்பை எரிவதையும் மரம் வீழ்வதையும் பற்றிக் கேட்க அங்குச் செல்வதில்லை. நாம் இல்லாத சபையில் நம் குளத்திற்காகப் பேசுவோர் யார்?

அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவரேனும், பெண்களும் உட்பட, செல்வோம். குளத்தைத் தூர்வாரும் கோரிக்கையை எழுத்தில் அளித்து, தீர்மானமாகப் பதியச் செய்வோம்.