ஊரார் மீட்டெடுத்த கடற்கரைக் குளம்



பொதுச் சொத்து ஒன்று பழுதடைந்துவிட்டால் நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று, அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று மனு எழுதி அனுப்புவது. மற்றொன்று, ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவது. இரண்டும் வேண்டியவையே, இரண்டையும் நாம் குறை கூற வரவில்லை. ஆயினும் இவற்றோடு மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள ஒரு கடற்கரைச் சிற்றூர் மக்கள் அவ்வழியில் நடந்து வெற்றி கண்டதைத்தான் இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர்கள் மீட்டது கோயிலன்று, பள்ளிக்கூடமன்று. ஒரு நீச்சல் குளம்.

நீச்சல் குளந்தானே, அதற்கு இத்தனை பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். ஈயக்குட்டையிலோ ஆற்றிலோ பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அவ்வாறு எண்ணமாட்டாள். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் சிறுவர்கள் தண்ணீரைத் தேடித்தான் ஓடுவார்கள். வெயில் நாட்டில் அதைத் தடுக்க யாராலும் இயலாது. அவர்கள் போய்ச் சேரும் தண்ணீர் எத்தகையது, கரையில் காவலர் உண்டா, நீந்தச் சொல்லிக்கொடுத்தவர் உண்டா என்பவைதாம் கேள்விகள். ஏழை வீட்டுப் பிள்ளையும் சிறு கட்டணம் செலுத்தி அச்சமின்றி இறங்கக்கூடிய பொதுக் குளம் ஓர் ஊருக்கு ஆடம்பரப் பொருளாகாது.

நாம் சொல்ல வந்த ஊரின் பெயர் பென்சான்ஸ். அது கார்ன்வால் வட்டாரத்தில் உள்ளது. கார்ன்வால் நமக்கு முற்றிலும் அந்நியமான மண்ணன்று. ஈயத்துக்கும் செம்புக்கும் பெயர்பெற்ற நிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சுரங்கத் தொழில் நலிவுற்றபோது, அம்மண்ணின் தொழிலாளர்களும் பொறியாளர்களும் பிழைப்புத் தேடி உலகெங்கும் சென்றனர். அவர்களுள் சிலர் நம் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்குக்கும் வந்தனர். கோப்பேங் பகுதியில் ஈயம் எடுத்த நிறுவனத்தின் நிர்வாகம் கார்ன்வாலின் ரெட்ரூத் என்னும் ஊரிலிருந்து நடைபெற்ற காலமும் உண்டு.

பென்சான்ஸ் கடற்கரையில் பாறைகள் நிறைந்த ஒரு முனை உள்ளது. ஊர் மக்கள் நெடுங்காலமாகக் கடலில் இறங்கிக் குளித்து வந்த இடம் அது. நகராட்சிப் பொறியாளராக இருந்த காப்டன் லேதம் என்பவர் அவ்விடத்திற்கென ஒரு குளத்தை வடிவமைத்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சி வெள்ளிவிழாக் கொண்டாடிய 1935-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. ஆகையால் அதற்கு ஜூபிலி குளம் என்று பெயர் வைத்தனர். அது சதுரமன்று, நீள்சதுரமுமன்று; அலையின் வேகத்தைத் தாங்குவதற்கேற்ப முக்கோண வடிவில் கடலை நோக்கி நீண்டு நிற்பது. கடல் நீரையே உள்ளே வாங்கிக்கொள்ளும். கடற்பறவையொன்று நீரில் வந்து அமர்வதைப் போன்ற தோற்றம் என்று அவ்வூரார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

முப்பதுகளில் இங்கிலாந்து எங்கும் இத்தகைய திறந்தவெளிக் குளங்கள் எழுந்தன. பிற்காலத்தில் வெளிநாட்டுச் சுற்றுலா மலிவாகி, கூரையிட்ட வெந்நீர்க் குளங்களும் பெருகியபோது, திறந்தவெளிக் குளங்கள் கவனிப்பாரற்றுப் போயின. பல மூடப்பட்டன, சில மண்ணிட்டுத் தூர்க்கப்பட்டன. ஜூபிலி குளமும் அந்த நிலையை நெருங்கியதுதான். ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் முன்னின்று பாடுபட்டதன் பயனாக, 1993-இல் அது பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மறு ஆண்டே செப்பனிடப்பட்டு மீண்டும் திறக்கப்பெற்றது. குளத்திற்கென நண்பர் குழு என்ற ஒன்று ஊரில் வேரூன்றியதும் இத்தகைய முயற்சிகளால்தான்.

அடுத்த சோதனை கடலிலிருந்தே வந்தது. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தென்மேற்கு இங்கிலாந்தைப் பெரும் புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கின. டாலிஷ் என்னுமிடத்தில் கடலோரச் சுவர் இடிந்து, இரயில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தை அன்று பத்திரிகைகளில் பலர் கண்டிருக்கக்கூடும். அதே புயல்கள் ஜூபிலி குளத்தையும் உருக்குலைத்தன. சுவர்களும் படித்தளங்களும் சேதமுற்றன; குளம் மூடப்பட்டது. பழுதுபார்க்க ஏறத்தாழ 30 இலட்சம் பவுன் தேவைப்பட்டது. அத்துணைப் பெரிய தொகையை ஊரார் உண்டியல் குலுக்கித் திரட்டிவிட முடியாது. கடலோர ஊர்களின் நலனுக்கென அரசாங்கம் ஒதுக்கிய நிதியிலிருந்து பெரும்பகுதி கிடைத்தது. வட்டார மன்றமும் நகர மன்றமும் தம் பங்கை அளித்தன. நண்பர் குழுவும் தன்னால் இயன்றதைச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் குளம் மறுபடியும் திறக்கப்பெற்றது.

கதை இங்கே முடிந்துவிட்டதென்றால் நாம் இதை எடுத்துச் சொல்ல வேண்டிய தேவையே இராது. கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்துவது எங்கும் நடப்பதுதான். விழாவுக்கு மாலையோடு வருகிறவர்கள் பலர். மறுநாள் காலையில் துடைப்பத்தோடு வருகிறவர்கள் எத்தனை பேர்? பென்சான்ஸ் மக்கள் எதிர்கொண்ட கேள்வி இதுதான். அவ்வட்டாரத்துக் கடல்நீர் கோடைகாலத்திலும் குளிர்ந்தே இருக்கும். ஆகவே, ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே மக்கள் குளத்தை நாடுவர். எஞ்சிய மாதங்களில் வருமானம் இராது. உயிர்காப்போர் சம்பளம், சுண்ணப்பூச்சு, பழுதுபார்ப்பு ஆகிய செலவுகளோ காத்திருப்பதில்லை. பொதுப்பணம் சுருங்கிவந்த அந்நாளில், மன்றம் இந்தச் சுமையை என்றென்றும் சுமக்குமென எதிர்பார்க்கவும் இயலவில்லை.

எனவே ஊரார் குளத்தை நடத்தும் பொறுப்பைத் தாங்களே ஏற்க முன்வந்தனர். அதற்கென ஒரு சமூக நலச் சங்கத்தை அமைத்தனர். இது நாம் அறிந்த கூட்டுறவுச் சங்கத்தின் உடன்பிறப்பு எனலாம். பிரித்தானியாவில் 2014-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இரண்டையும் ஒருசேர ஆள்கிறது. இரண்டிற்குமுள்ள முக்கிய வேறுபாடு, கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களின் நலனுக்காக நடப்பது, சமூக நலச் சங்கம் ஊர் முழுவதன் நலனுக்காக நடப்பது என்பதே.

அச்சங்கம் பொதுமக்களுக்குப் பங்குகளை வெளியிட்டது. இதுவே நாம் முதலில் குறிப்பிட்ட மூன்றாவது வழி. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கினர். 500,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. நன்கொடைக்கும் பங்குக்கும் என்ன வேறுபாடு என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். நன்கொடை கொடுத்தவர் ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார். அத்துடன் அவருடைய கடமை தீர்ந்தது. பங்கு வாங்கியவர் அப்படிப் போய்விடுவதில்லை. ஆண்டுக் கூட்டத்திற்கு வருகிறார். கணக்கைக் கேட்கிறார். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார். வேண்டாதவர்களை இறக்கியும் விடுகிறார். பெருந்தொகை போட்டவருக்கும் ஒரே வாக்கு, சிறுதொகை போட்டவருக்கும் ஒரே வாக்கு. பங்குச் சந்தையில் விற்பதற்கில்லை. ஆதலால் எவனோ ஒரு செல்வன் எல்லாவற்றையும் வாங்கிக் குவித்து, குளத்தைத் தூர்த்து மாளிகை கட்டிவிடவும் வழியில்லை. பணத்தைத் திரும்பப் பெற விரும்பினால் சங்கத்தின் நிலைமை இடங்கொடுக்கும்போது பெறலாம். சங்கம் நொடித்துப் போனால் பணமும் போய்விடலாம். இந்தக் கடைசிச் செய்தியை மறைக்காமல் முன்கூட்டியே எடுத்துச் சொல்வதுதான் இத்தகைய பங்கு வெளியீட்டின் நாணயம். நம்மிடையே சில வசூல்கள் மனக்கசப்பில் முடிவதற்குக் காரணம் பணம் குறைவாகச் சேர்வதன்று. கணக்குத் தெளிவாக வைக்கப்படாமையே என்பது நம் கருத்து.

இம்முறை தோட்ட மக்களுக்குப் புதியதென்று யாரும் கூற முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். நூறு வெள்ளிப் பங்கினைப் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளர்கள் உறுப்பினராயினர். மரம் சீவிய கையே தோட்டத்தின் உடைமையில் பங்கு பெற்றது. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கம் முதன்முதலில் வாங்கியதாகும். பத்து வெள்ளியின் வலிமையை நம் பாட்டன்மார் அறிந்திருந்தனர். அதே கணக்கை ஒரு விளையாட்டுத் திடலுக்கோ, பாலர் பள்ளிக்கோ, குளத்திற்கோ நாம் போட்டுப் பார்த்திருக்கிறோமா?

மீண்டும் பென்சான்ஸுக்கு வருவோம். திரட்டிய பணத்தை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது சுவையான செய்தி. கார்ன்வாலின் அடியில் கிடப்பது கருங்கற்பாறை. அப்பாறையில் இயற்கையாகக் கலந்துள்ள யுரேனியம், தோரியம் போன்ற தனிமங்கள் மெல்லச் சிதைவதால் வெப்பம் பிறக்கிறது. இவ்வெப்பத்தைக் கொண்டு குளத்தின் ஒரு பகுதியைச் சூடாக்கினால், குளிர் மாதங்களிலும் மக்கள் வருவார்கள் அல்லவா? குளத்தின் அருகே ஆழ்துளைக் கிணறு தோண்டினர். முதலில் இன்னும் ஆழமாகப் போகவே திட்டமிட்டிருந்தனர். 410 மீட்டர் ஆழத்திலேயே வெதுவெதுப்பான நீர் போதிய அளவு கிடைத்துவிட்டது. அந்நீரின் வெப்பத்தை வெப்ப ஏற்றிகளைக் கொண்டு உயர்த்தி, குளத்தில் தனியாகப் பிரிக்கப்பட்ட ஒரு பகுதிக்குச் செலுத்துகின்றனர். அங்கே நீர் 30 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கும். கிணற்றுச் செலவில் பெரும்பங்கு ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியிலிருந்து வந்தது. ஊரார் போட்ட பணம் கண்முன்னே இருந்தமையால் வெளியார் பணமும் நம்பி வந்தது என்று கொள்வது தவறாகாது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அப்பகுதி திறக்கப்பெற்றது. பூமியின் வெப்பத்தால் சூடேறும் திறந்தவெளிக் குளம் பிரித்தானியாவில் அதுவே முதலாவது. முன்னோர் ஈயத்துக்காகப் பாறையைக் குடைந்தனர். பேரப்பிள்ளைகள் வெந்நீருக்காகக் குடைந்தனர்.

எல்லா ஊர்களிலும் இதே கிணறு வெட்ட முடியாது. ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஹேவன் ஊரில் 1934-இல் திறக்கப்பெற்ற கடல்நீர்க் குளமொன்று உண்டு. அது மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1995-இல் அங்கும் நண்பர் குழு தோன்றியது. குளம் மன்றத்திடமே இருக்கிறது. ஆயினும் ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் தொண்டர்கள் வந்து துப்புரவு செய்து சாயம் பூசுகின்றனர். நம் கோத்தோங் ரோயோங் போன்றதேதான். கோடைகாலத்தில் புதன்கிழமை நள்ளிரவு நீச்சல் என்று ஒரு பழக்கத்தை ஏற்படுத்தி, விண்மீன்களைப் பார்த்துக்கொண்டே நீந்துவதற்குத் தொலைவிலிருந்தும் ஆட்களை வரவழைக்கின்றனர். பணமே கேட்காமல் பணம் வரச்செய்த வழி அது!

கசப்பான செய்தியையும் சொல்லிவிடுவது முறை. பாத் நகரில் ஏவன் ஆற்றங்கரையிலுள்ள கிளீவ்லாந்து குளம் 1815-இல் அமைக்கப்பட்டது. பிரித்தானியாவின் மிகப் பழைய திறந்தவெளிக் குளங்களுள் ஒன்று. பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்த அதனை, ஓர் அறக்கட்டளையினர் ஏறத்தாழ இருபதாண்டுகள் உழைத்துப் பொருள் திரட்டிச் செப்பனிட்டு, 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் மக்களிடம் ஒப்படைத்தனர். நான்கே மாதங்களில், 2024 சனவரியில், ஆறு பெருகி வந்து இயந்திர அறையை நாசம் செய்தது. கதவை மீண்டும் மூட வேண்டியதாயிற்று. அத்தனை ஆண்டு உழைத்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆகவே நிதி திரட்டத் தொடங்குமுன், கட்டுமானச் செலவோடு வெள்ளம், புயல், இயந்திரப் பழுது ஆகியவற்றிற்கான ஒதுக்கீட்டையும் காப்புறுதியையும் கணக்கில் எழுத வேண்டும். அந்த வரி இல்லாத திட்டத்தைப் பொதுக் கூட்டத்தின் முன் வைக்கவே கூடாது.

பென்சான்ஸிலும் கவலை தீர்ந்துவிடவில்லை. பூமியின் வெப்பம் இலவசமாகக் கிடைத்தாலும், அதை மேலே கொண்டுவரும் இயந்திரங்களுக்கு மின்சாரம் வேண்டும். 2022-இல் மின் கட்டணம் ஏறியபோது பிரித்தானியாவின் நீச்சல் குளங்கள் பலவும் தள்ளாடின. கட்டணத்தை உயர்த்துவதா, நேரத்தைக் குறைப்பதா, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சலுகை எந்த அளவு கொடுப்பது என்பவையெல்லாம் இத்தகைய சங்கத்தில் உறுப்பினர்கள் முன் வந்து நிற்கும் கேள்விகள். அவற்றைத் தீர்மானிப்பது தொலைவிலுள்ள அலுவலகமன்று. காலையில் அதே குளத்தில் இறங்கி நீந்தியவர்கள், மாலையில் கூட்டத்திற்கு வந்து கையுயர்த்துகிறார்கள்.

பங்குப் பத்திரம் எவ்வாறு எழுதுவது, சங்கப் பதிவுக்கு யாரை அணுகுவது என்று அன்பர்கள் சிலர் முன்னரே சீட்டெழுதிக் கொடுத்துள்ளனர். தேநீருக்குப் பின் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.