ஊஞ்சலுக்கு ஓர் அரைமணி நேரம்
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இரண்டு விஷயங்களைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஒன்று நம் வளாகத்து ஜெனரேட்டர், இன்னொன்று பூங்காவில் இருக்கும் ஊஞ்சல்.

என் மகனுக்கு 13 வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. லிஃப்டில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பானே, அவன்தான். கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமும்போது அவன் அலறுவது உங்கள் வீடுவரை கேட்டிருக்கும். அது அடம் இல்லை. நமக்கு வெறும் இரைச்சலாக இருப்பது அவனுக்கு வலி. டியூப்லைட் சிமிட்டல், சட்டைக் காலரில் உறுத்தும் லேபிள், தாளிக்கும் நெடி எல்லாமே அப்படித்தான். ஆட்டிசத்தைக் கண்டறிய உதவும் அடையாளங்களில் இந்தப் புலன் வேறுபாட்டையும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் சேர்த்தது. செல்லம் கொடுத்துக் கெடுத்ததால் வருவதில்லை. (இதை என் மாமியாருக்குப் புரியவைக்கவே இரண்டு வருடம் ஆயிற்று.)

அதே பிள்ளைக்கு வேறு சில உணர்வுகள் போதாமலும் இருக்கும். பள்ளியில் ஐம்புலன் என்றுதான் படித்தோம். உட்காதில் சமநிலை உணர்வு ஒன்று உண்டு. தசையும் மூட்டும் தரும் உணர்வு இன்னொன்று. ஊஞ்சலாடும்போது முதலாவது வேலை செய்கிறது, கனமான பையைத் தூக்கும்போது இரண்டாவது. ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட் 1972இல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கினார். தெரபி அறைகளில் ஊஞ்சல் தொங்குவது அதனால்தான். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பலன் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். என் மகன் பத்து நிமிடம் ஆடிவிட்டால் குளிக்க, சாப்பிட, வேனில் ஏறத் தகராறு செய்வதில்லை.

ஆனால் நம் பூங்காப் பலகையில் '10 வயதுக்கு மேற்பட்டோர் ஆடக்கூடாது' என்று இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்காகப் போட்ட விதி, நியாயமானதுதான். காலை 6 மணிக்கு அங்கே வாக்கிங் போகிறவர்களைத் தவிர யாரும் இல்லை. 6 முதல் 6.30 வரை விலக்குக் கொடுங்கள். சங்கிலி தாங்காது என்றால் மாற்றும் செலவில் பாதியை நான் தருகிறேன்.

ஜெனரேட்டருக்கு வருகிறேன். கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சோதனை ஓட்டம் எப்போது என்று சொல்லலாமே! முதல்நாளே வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போதும். சுவரில் டிரில் போடுகிறவர்களும் சொல்லுங்கள். நேரம் தெரிந்தால் அவனைக் கோவளம் கடற்கரைக்குக் கூட்டிப் போய்விடுவோம். தீபாவளிக்கும் இதே கணக்குதான். அரசு அனுமதிப்பது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அந்த இரண்டு மணி நேரத்தைச் சமாளித்துவிடுகிறோம். இரவு 11 மணிக்கு வெடிக்கும் ஒற்றை அணுகுண்டுக்குத்தான் எங்களிடம் வழி இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இப்படி எதையாவது கவனித்தால் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்திலேயே முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. முதலில் அங்கே போய்க் காட்டுங்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.