அம்மாவின் தட்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு எடை கூடுவதைப் பற்றிப் பேசப்போகிறேன். "எஞ்சினியருக்கு எதுக்குப்பா இது?" என்று கேட்பீர்கள். நமக்கு முப்பது தாண்டிவிட்டது. நம் அம்மாக்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் என்பதால்தான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். அம்மாவுக்கு 48 வயதில் மாதவிலக்கு நின்றது. அடுத்த சில வருஷங்களில் வயிறு போட்டது. "உக்காந்தே இருந்தா இப்படித்தாம்மா" என்று ஒருநாள் கேலி செய்தேன். அம்மா பதில் பேசவில்லை. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலைக்குப் போய்க் கிரிவலம் வந்தார். ஒரு வருஷம் கழித்தும் எடை குறையவில்லை. தலைசுற்றலும் முட்டிவலியும்தான் மிச்சம். பயந்துபோய் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். என் அறியாமை அங்கேதான் உடைந்தது.

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கொள்வார்கள். அந்தச் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு, வயிற்றில் சேரத் தொடங்குகிறது. வயதாக ஆகத் தசையும் குறைவதால், உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. சோறு அதேதான், செலவு குறைவு, மிச்சம் கொழுப்பாகிறது. இது சோம்பேறித்தனமல்ல. ஆனால் அலட்சியமும் கூடாது. வயிற்றுக் கொழுப்பு சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய் எல்லாவற்றுக்கும் வழிவிடும். தையற்காரர் டேப்பால் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.

பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் எலும்பும் வலுவிழப்பதால் அது இரட்டை நஷ்டம்.

இப்போது கிரிவலக் கணக்கு. மலையைச் சுற்றி 14 கி.மீ. நான்கு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 240 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம்; மாதத்துக்கு 600 வந்துவிடும். சாமிக்குக் கிரிவலம் போகட்டும். உடம்புக்கு வாரத்தில் ஐந்து நாள், தினம் அரைமணி வேக நடை வேண்டும். வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை வேண்டும். அம்மியும் ஆட்டுக்கல்லும் கொடுத்த வேலையை மிக்ஸியும் கிரைண்டரும் எடுத்துக்கொண்டன. அதற்கு ஈடாக, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரலாம். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கலாம்.

டாக்டரம்மா அடுத்துக் கேட்ட கேள்விதான் என்னைச் சுட்டது: "வீட்ல கடைசியா யார் சாப்பிடறாங்க?" அம்மாதான். காயும் பருப்பும் முட்டையும் எங்களுக்குப் போய்விடும். மிஞ்சிய சோறும் ரசமும் அம்மாவுக்கு. வீணாகக்கூடாதென்று கூட இரண்டு கரண்டி. எங்கள் பக்கம் விளையும் வேர்க்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் இருக்கிறது. எண்ணெயும் அதிகம் என்பதால் ஒரு கைப்பிடி போதும். கேழ்வரகில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து உண்டு. ஊரில் எல்லாம் இருந்தது, அம்மாவின் தட்டில்தான் இல்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை மிகுந்தவர்கள். அதில் 15 முதல் 49 வயதுவரைதான் கணக்கு. 49 தாண்டிய அம்மாக்களை நாம்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு பாருங்கள். மாதவிலக்கு நின்றபின் மறுபடி இரத்தப்போக்கு கண்டால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோம். அம்மா தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ, கால் பங்குதான் சோறு. ஒரு வருஷத்தில் குறைந்தது 4 கிலோதான். ஆனால் முட்டிவலி குறைந்து, மாடிப்படி ஏறுகிறார்.

நண்பர்களே, இன்று ஊருக்குப் போனதும் அம்மாவிடம், மனைவியிடம் "குண்டாயிட்டே" என்று சொல்லாதீர்கள். "வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள்.